எட்சிங் படம் ஏன் உயிரில்லாமல் வருகிறது?

ஆறு மாதமாக எட்சிங் (உலோகத் தகட்டில் கோடு கீறி, அமிலத்தில் அரித்து, மை தடவித் தாளில் அச்செடுப்பது) பழகியும் படம் வெறும் பேனாக் கோடு மாதிரியே வருகிறது, உணர்ச்சியே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தகட்டை ஒரே தடவை அமிலத்தில் போட்டு எடுத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் கெடுத்தேன்.

என் அப்பா சிங்கப்பூரில் ஷிப்யார்டு வெல்டர். இடது மோதிர விரலில் பாதி வேலையில் போய்விட்டது. அந்தக் கையைத்தான் முதல் தகட்டில் வரைந்தேன். மெழுகு பூசிய செம்பில் ஊசி மெழுகை மட்டும்தான் விலக்கும். பள்ளம் பறிப்பது அமிலம். (நாங்கள் போடுவது ஃபெரிக் குளோரைடு. அது அமிலமே இல்லை, உப்பு என்று திருத்த வராதீர்கள், பட்டறையில் அப்படித்தான் சொல்கிறோம்.) எல்லாக் கோடும் 20 நிமிடம் ஊறியதால் எல்லாம் ஒரே கறுப்பு. ரப்பர் கையுறை போல இருந்தது.

இரண்டாவது தகட்டை 5 நிமிடத்தில் தூக்கிக் கழுவி, தோல் சுருக்கங்களை மேலும் அரிக்காதபடி வார்னிஷால் மூடினேன். மறுபடி இறக்கி, 20 நிமிடத்தில் முட்டிகளை மூடினேன். வெட்டுப்பட்ட விரல் நுனி மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தது. ஆழமான கோடு நிறைய மை பிடிக்கும். ஈரத்தாளில் அழுத்தினால் அந்த மை தாளில் மேடாகவே நிற்கும். பின்னணி இருட்டுக்கு குங்கிலியத் தூளைத் தூவிச் சூட்டில் ஒட்ட வைத்து, துகள்களுக்கு நடுவே அமிலம் அரிக்க விட்டேன். 1799-ல் வெளியான 80 படத் தொகுப்பில் ஸ்பானிய ஓவியர் கோயா அந்த இருட்டை இந்த முறையில்தான் கொண்டுவந்தார்.

அச்சைப் பார்த்த அப்பா, "எனக்குப் போனது இடது கை விரல்டா. இது வலது கையா இருக்கே" என்றார். அச்சில் எல்லாம் திரும்பிவிடும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை.

அந்த அச்சை ஒரு கண்காட்சியில் வைத்தபோது பெயர் அட்டையில் தமிழ் எழுத்துகள் உடைந்து, கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகக் கிடந்தன. கேட்டதற்கு, ஆங்கிலம் சரியாகத்தானே இருக்கிறது என்றார்கள். தமிழையும் சேர்த்து நான்கு அதிகாரத்துவ மொழி உள்ள ஊரில் இதை இன்னும் எத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருப்பது?

சரி, உங்கள் விஷயம். ஒரு துண்டுத் தகட்டில் பத்துக் கோடு கீறி 5, 15, 40 நிமிடம் என்று மூடி மூடி அரிக்க விடுங்கள். பிறகு படத்தில் எந்த இடம் அதிக நேரம் கிடக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது தகட்டை, கண்ணாடியில் தெரிந்த கையைப் பார்த்து வரைந்தேன். அது சிங்கப்பூர் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட அப்பா விடவில்லை. போகும்போது வரும்போது அந்த மேட்டைத் தடவிப் பார்ப்பார்.