பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர் எம்.எஸ்சி பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் சேரலாமா?

காரைக்குடிப் பக்கம், பி.எஸ்சி விலங்கியல், பிளஸ் டூவில் கணக்கு இல்லை, கையில் 8 ஜிபி ராம் லேப்டாப் என்று கேட்டிருக்கிறீர்கள். உயிரியல் தரவுகளைக் கணினியில் ஆராயும் படிப்பு இது. தாராளமாகச் சேரலாம். பக்கத்திலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித் துறை இருக்கிறது. வெளியூர் போகவும் தயார் என்றால், உயிரித்தொழில்நுட்ப முதுநிலைப் படிப்புகளுக்கான கேட்-பி (GAT-B) நுழைவுத் தேர்வைப் பாருங்கள். கேட் (GATE) வேறு, இது வேறு.

அதற்கு முன்னால் ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள். லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, ஈஸ்ட்டின் ஆர்என்ஏ வரிசைத் தரவு ஒன்றை இறக்குங்கள். ஈஸ்ட்டின் ஜீனோம், அதாவது முழு டிஎன்ஏ வரிசை, சுமார் 1.2 கோடி எழுத்துதான், 8 ஜிபி தாங்கும். மனித ஜீனோம் 300 கோடிக்கு மேல். ஆர்என்ஏ தரவை ஜீனோமோடு பொருத்தும் ஸ்டார் மென்பொருளில் அதை ஓட்ட 30 ஜிபி ராம் கேட்கும், உங்கள் லேப்டாப் அப்படியே உறைந்து நிற்கும்.

முதல் வேலை, இறக்கிய தரவு இருக்கும் ஃபாஸ்ட்க்யூ கோப்பில் எத்தனை ரீடு (கருவி படித்த வரிசைத் துண்டு) என்று எண்ணுவது. ஒரு ரீடுக்கு 4 வரி, முதல் வரி அட் (@) குறியில் தொடங்கும். அந்தக் குறியில் தொடங்கும் வரிகளை எண்ணினால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் மாட்டுவீர்கள். நாலாவது வரி தர மதிப்பு, அதாவது ஒவ்வொரு எழுத்தையும் கருவி எவ்வளவு நம்பகமாகப் படித்தது என்பது. அதில் 31 என்ற மதிப்புக்கும் இதே அட் குறிதான். எண்ணிக்கை கூடிவிடும். மொத்த வரிகளை 4ஆல் வகுப்பதே சரி. அடுத்து, ஜீன்கள் எங்கே இருக்கின்றன என்று குறிக்கும் கோப்புகள். ஜிஎஃப்எஃப் கோப்பு 1லிருந்து எண்ணும், பெட் (BED) கோப்பு 0விலிருந்து. ஜிஎஃப்எஃப்பைப் பெட்டாக மாற்றும்போது தொடக்கத்தில் 1 கழிக்க மறந்தால் எல்லா ஜீனிலும் முதல் எழுத்து விடுபட்டுப்போகும், ஒரு எச்சரிக்கையும் வராது. ஜீன் பட்டியலை எக்செலில் திறந்தால் மார்ச்1 என்ற ஜீன் மார்ச் 1ஆம் தேதி ஆகிவிடும். இந்தத் தொல்லையால்தான் அதற்கு மார்ச்எஃப்1 என்று பெயரையே மாற்றினார்கள்.

செல்லை ஒரு முழு அமைப்பாகக் கணக்கிட்டுப் பார்க்கும் சிஸ்டம்ஸ் பயாலஜிக்குக் கணக்கு வேண்டும்தான். ஆனால் அதில் வரும் ஃப்ளக்ஸ் பேலன்ஸ் என்ற கணக்குமுறை நம் ஊர்ப் பேரேடு மாதிரி. செல்லில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். வரவும் பற்றும் நேராக வேண்டும், மிச்சம் 0. பைத்தானில் இதற்கான கோப்ராபை மென்பொருளை நிறுவி, ஈ.கோலை பாக்டீரியாவின் சின்ன மாடலை ஏற்றுங்கள்: 95 வினைகள், 72 பொருள்கள். குளுக்கோஸ் 10 அலகு கொடுத்தால் வளர்ச்சி மணிக்கு 0.874. ஆக்சிஜனை அடைத்தால் 0.21க்கு விழும். உள்ளே வருவதற்கு அங்கே மைனஸ் குறி. குளுக்கோஸ் வரத்தின் கீழ் எல்லையை மைனஸ் 10 என்று வைக்காமல் 10 என்று வைத்தால் குளுக்கோஸை வெளியே தள்ளச் சொல்கிறீர்கள் என்று பொருள், விடையே வராது. எந்த வினை நின்றதால் 0.21 ஆனது என்று தேடக் கை பரபரத்தால் சேருங்கள்.

கணக்கில்லாதவர்களுக்கு ஆசை காட்டுகிறேன் என்று சிலர் சண்டைக்கு வரலாம். புதிய அல்காரிதம் எழுதப்போகிறவர்களுக்கு அவர்கள் சொல்வது சரி. மற்றவர்களுக்கு பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் அணிகள், வகையிடல், நிகழ்தகவு மூன்றும் இருக்கின்றன. ஒரு கோடை விடுமுறை போதும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒரு மூலிகைச் சேர்மத்தை டாக்கிங் செய்து (அது புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்த்து), பிணைப்பு மதிப்பு மைனஸ் 9 வந்தது, மருந்து கிடைத்துவிட்டது என்று எழுதும் ப்ராஜெக்டில் மட்டும் விழாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு இரண்டே நாளில் இதற்கு இன்டர்ன்ஷிப் சான்றிதழ் கொடுக்கும் கடைகள் வேறு. புரதத்தின் படிக அமைப்பில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் மூலக்கூறை (லிகண்டை) எடுத்துத் திரும்ப வைத்து, பழைய இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் உட்காருகிறதா என்றுகூட அங்கே யாரும் பார்ப்பதில்லை.