டிப்பர் கம்பியில் பட்டது, தப்பு என்மேலாம்!

கேள்வி: சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கட்டுமானத் தளத்தில் வேலை, ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். போன மாதம் டிப்பர் லாரி மணல் கொட்டத் தொட்டியைத் தூக்கியபோது, தளத்தில் தற்காலிகமாக இழுத்திருந்த மின்கம்பியில் பட்டுவிட்டது. பின்கதவுக் கொக்கியைப் பிடித்திருந்த எனக்கு ஷாக் அடித்தது. "மேலே பார்க்காதது உன் தப்பு. டிரைவருக்கு ஒன்றும் ஆகலையே?" என்கிறார் சூப்பர்வைசர். ஏதோ தாளில் கையெழுத்து கேட்கிறார்கள். ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?

பதில்: முதலில், படித்துப் புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் யார் தப்பு என்று கேட்பதில்லை. வேலையின்போது, வேலையால் அடிபட்டதா என்பதுதான் கேள்வி. குடித்துவிட்டோ, சண்டை போட்டோ, வேண்டுமென்றோ பட்ட காயம் என்றால் கதை வேறு.

டிரைவர் விஷயத்துக்கு வருவோம். கம்பியில் பட்ட நொடியில் லாரி முழுக்க மின்சாரம் ஏறிவிடும். உள்ளே இருப்பவர் மண்ணைத் தொடவில்லை, தப்பித்தார். நீங்கள் மண்ணில் நின்று இரும்பைப் பிடித்திருந்தீர்கள். கை வழியாக இறங்கி கால் வழியாகப் போயிருக்கிறது. ஆகவே உள்ளங்கையிலும் பாதத்திலும் இருக்கும் தீக்காயத்தை டாக்டர் தனித்தனியாக எழுதிவைக்கட்டும். அன்று போட்டிருந்த பூட்ஸைத் தூக்கிப் போடாதீர்கள், கழுவவும் வேண்டாம். விரல் மரத்துப்போவது போன்ற நரம்புக் கோளாறு பின்னால்கூட வரலாம். அதனால் உடம்பில் நிரந்தரப் பாதிப்பு எவ்வளவு என்று டாக்டர் கணிக்கும் மதிப்பீட்டில் அவசரப்பட வேண்டாம்.

டாக்டர் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்தாலே, லைட் டூட்டி (இலகுவான வேலை) என்றாலும், முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிந்ததிலிருந்து 10 நாள் கெடு. அவர் செய்யாவிட்டால் நீங்களே அமைச்சிடம் போகலாம், விபத்து நடந்து ஓராண்டுக்குள். இதற்கு வக்கீல் தேவையில்லை (என் பிழைப்பில் நானே மண் போடுகிறேன்!). எம்சி நாட்களின் சம்பளத்தில் ஓவர்டைமும் சேரும். முதல் 14 நாள் முழுச் சம்பளம், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் 60 நாள், அப்புறம் மூன்றில் இரண்டு பங்கு.

முதலாளியின் கவனக்குறைவைச் சொல்லி சிவில் வழக்கும் போடலாம். ஆனால் அங்கே தப்பை நிரூபிக்க வேண்டும், இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. அந்தப் பக்கம் யோசித்தால் மட்டும் வக்கீலைப் பாருங்கள்.

ஊருக்கு அனுப்பும் பயம்: பெர்மிட் ரத்தானாலும் இழப்பீட்டுக் கோரிக்கை செல்லுபடியாகும். அது முடியும்வரை இங்கே தங்க ஸ்பெஷல் பாஸ் உண்டு. விமான டிக்கெட்டைக் கையில் திணித்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை உடனே கூப்பிடுங்கள்: 6536 2692, இரவிலும் எடுப்பார்கள்.