பில் இருக்கிறது, காட்டில் ஏர்கன் சுடக்கூடாதா?

ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். லைசென்ஸ் வேண்டாம் என்று கடையில் சொன்னதால் .177 ஏர் ரைஃபிளைப் பில்லோடு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு காப்புக்காட்டுக்குள் (அரசு அறிவித்துப் பாதுகாக்கும் காடு) போய், பாறைமேல் காலி பாட்டில்களை வைத்துச் சுட்டிருக்கிறார்கள். வனவர் வந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார். "அரசாங்க நிலம்தானே சார், ஒரு குருவியைக்கூடக் கொல்லவில்லையே?"

கடைக்காரர் சொன்னது சரிதான். 2016 ஆயுத விதிகளின்படி குழலின் துளை 4.5 மி.மீ.க்குள்ளும் (.177 என்பது அதுதான்), குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அது துப்பாக்கியை வைத்திருக்க மட்டும்தான், எங்கே சுடலாம் என்பது வேறு சங்கதி. காப்புக்காட்டை ஏரிக்கரைப் புறம்போக்கு மாதிரி நினைத்துவிட்டீர்கள். தமிழ்நாடு வனச் சட்டம் 1882, பிரிவு 21-இன்படி அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம், வெறுங்கையோடு போனாலும்.

இதோடு நின்றால் பெரும்பாலும் இணக்கக் கட்டணம் (வழக்கு கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்கக் கட்டும் பணம்) கட்டி முடித்துக்கொள்ளலாம். எனக்குப் பயம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்தான், ஏனென்றால் அதில் 'வேட்டை' என்றால் வேட்டையாட முயல்வதும் சேர்ந்தது. மயில், உடும்பு போல அந்தச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள உயிர்கள் என்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம், பணம் கட்டி முடிக்கவும் வழியில்லை.

அதனால் திங்கட்கிழமை பில், துப்பாக்கி வந்த அட்டைப்பெட்டி (ஜூல் கணக்கு அதில் இருந்தால்), செல்போனில் எடுத்த பாட்டில் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள், எதையும் அழிக்காதீர்கள். மகஜர் (பறிமுதல் செய்ததை எழுதிவைக்கும் பத்திரம்) நகல் கேளுங்கள். வெற்றுத் தாளிலோ படிக்காமலோ கையெழுத்துப் போடாதீர்கள், போலீஸிடம் தரும் வாக்குமூலம் கோர்ட்டில் சுலபமாகத் தள்ளுபடி ஆகிவிடும், வனத்துறையிடம் தருவது அப்படி ஆகாது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், ஜம்பத்துக்காக "முயல் கிடைக்குமான்னு பார்த்தோம்" என்று நண்பர் யாராவது உளறினால் வழக்கே மாறிவிடும்.

பழக வேண்டுமென்றால் மாநிலத் துப்பாக்கி சுடும் சங்கத்தோடு இணைந்த ரைஃபிள் கிளப்பில் சேருங்கள். சொந்தப் பட்டா நிலம் என்றாலும் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும், வழிப்போக்கர் உயிருக்கு ஆபத்து வந்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) பிரிவு 125 இருக்கிறது.

அப்புறம், உங்கள் கேள்வியின் கடைசி வரியில் நண்பரின் தாத்தா காலத்து நாட்டுத்துப்பாக்கி பற்றி எழுதியிருந்தீர்களே. லைசென்ஸ் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு சிறை. அவரை நேரில் வரச் சொல்லுங்கள், அதைப் பற்றி மெசேஜ் வேண்டாம்.