ஊருக்கு ஒரு ரிக்வெஸ்ட் வேண்டாம்

கேள்வி: மண்டபத்தில் இருந்து, மீனவர்களுக்குக் காற்று, அலை நிலவரம், கடலுக்குப் போக அனுமதி உண்டா என்பதைச் சொல்லும் ஒரு செயலிக்கு ஏபிஐ டெஸ்டிங் (செயலியும் சர்வரும் பேசிக்கொள்ளும் வழியைச் சோதிப்பது) செய்கிறேன். அதற்கான போஸ்ட்மேன் என்ற மென்பொருளில் பாம்பன், தொண்டி, கீழக்கரை, மூக்கையூர் என்று ஊருக்கு ஒரு ரிக்வெஸ்ட் (சர்வருக்கு அனுப்பும் கோரிக்கை) நகலெடுத்து வைத்திருக்கிறேன். சர்வர் முகவரி மாறினால் எல்லாவற்றையும் திறந்து திருத்த வேண்டியிருக்கிறது. மாறும் மதிப்பின் இடத்தில் ஒரு பெயரை வைக்கும் வேரியபிள் போடச் சொல்கிறார்கள். எதை, எங்கே போடுவது?

பதில்: எங்கே போடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எல்லாவற்றையும், எங்கும் செல்லுபடியாகும் குளோபலில் கொட்டிவிட்டு, எந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பிறகு தேடுகிறார்கள். ஒரு மதிப்பு எதனால் மாறுகிறது என்று பாருங்கள், அதற்கான இடம் தெரிந்துவிடும்.

சர்வரைப் பொறுத்து மாறும் முகவரியும் கீயும் (அனுமதிக் குறியீடு) என்விரான்மென்ட் என்ற, சர்வருக்கு ஒன்றாக வைக்கும் மதிப்புத் தொகுப்புக்குப் போகட்டும். டெஸ்ட் சர்வருக்கு ஒன்று, லைவுக்கு ஒன்று. லாகின் செய்ததும் சர்வர் தரும் அடையாளக் குறியீடான டோக்கனைக் கையால் ஒட்டாதீர்கள். லாகின் ரிக்வெஸ்டுக்கு வரும் பதிலில் இருந்தே ஸ்கிரிப்ட் அதை எடுத்து வைக்கட்டும்.

ஊர் வாரியாக மாறுவதெல்லாம், காற்புள்ளியால் பிரித்து எழுதும் அட்டவணையான சிஎஸ்வி ஃபைலுக்கு. முதல் வரியில் உள்ள தலைப்பும், ரிக்வெஸ்டில் இரட்டை நெளிவு அடைப்புக்குள் எழுதும் பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ரிக்வெஸ்டுகளைத் தொகுத்து வைத்திருக்கும் கலெக்‌ஷனை, ரன்னர் என்ற வசதி வரிக்கு ஒரு தடவை ஓட்டும். ஒரே பெயர் பல இடங்களில் இருந்தால் குளோபலை கலெக்‌ஷனும், கலெக்‌ஷனை என்விரான்மென்டும், அதை டேட்டா ஃபைலான சிஎஸ்வியும் மிஞ்சும்.

உள்ளே போகும் மதிப்பை மட்டுமல்ல, எதிர்பார்க்கும் விடையையும் அதே வரியில் எழுதுங்கள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மீன்பிடித் தடைக்காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுக்குத் தடை, நாட்டுப்படகுக்கு இல்லை. அப்படியானால் தேதி, படகு வகை, எதிர்பார்க்கும் விடை என்று சிஎஸ்வியில் மூன்று நெடுவரிசைகள் போதும். ஏப்ரல் 14, 15, ஜூன் 14, 15 ஆகிய நான்கு தேதிகளையும் இரண்டு வகைப் படகுக்கும் போட்டால் எட்டே வரிகள். எல்லைத் தேதியில் ஒரு நாள் தப்பினாலும் ஒரு விசைப்படகுக்காரர் தவறான தகவலை நம்பிக் கடலுக்குப் போய்விடுவார். அதனால் இந்த எட்டு வரிகளைத் தவிர்க்கவே கூடாது.

‘இன்று’ என்ற தேதியை ஸ்கிரிப்டில் உருவாக்கும்போது உலகப் பொது நேரத்தில் எடுக்காதீர்கள். காலை 5.30க்கு முன்னால் ஓட்டினால் நேற்றைய தேதிதான் போகும். படகுகள் புறப்படும் நேரமே அதுதானே.

ரிக்வெஸ்டோடு ஜேசன் வடிவில் போகும் தகவலில் (பாடி) அட்சரேகை வேரியபிளைச் சுற்றி மேற்கோள் குறி போட்டால் 9.28 எண்ணாகப் போகாது, எழுத்தாகப் போகும். கறாரான சர்வர் 400 (கோரிக்கை தவறு என்ற குறியீடு) என்று திருப்பி அனுப்பும். எண்ணுக்கு மேற்கோள் வேண்டாம், ஊர்ப் பெயருக்கு வேண்டும்.

இன்னொன்று, கண்ணில் படாமல் ஏமாற்றுவது. வேரியபிள் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் போஸ்ட்மேன் நிறுத்தாது. நெளிவு அடைப்போடு அந்தப் பெயரையே சர்வருக்கு அனுப்பிவிடும். தவறான தேதி கொடுத்து 400 வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டில், சர்வர் இந்தக் குப்பையைப் பார்த்தே 400 தரும். டெஸ்ட் தேறியதாகப் பச்சை காட்டிவிடும், நீங்கள் சோதிக்க நினைத்தது சோதிக்கப்பட்டிருக்காது. ஆகவே ரிக்வெஸ்டுக்கு முந்தைய ஸ்கிரிப்டிலேயே மதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 400 என்ற எண்ணோடு நிற்காமல், தேதிதான் தவறு என்று பிழைச் செய்தி சொல்கிறதா என்றும் சரிபாருங்கள்.