'கிளியோபாட்ரா' (1963) படத்தின் கிளைமாக்ஸ்: கேள்வி பதில்

கே: எகிப்து ராணி கிளியோபாட்ரா இறந்துவிட்டாள் என்று அவள் வேலைக்காரன் அப்போலோடோரஸ், அவள் காதலன் ஆண்டனியை நம்பவைக்கிறானே, அது நடந்ததா?

ப: இல்லை. பழங்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியபடி, அந்தப் பொய்யைச் சொல்லி அனுப்பியதே கிளியோபாட்ராதான். கி.மு. 30 ஆகஸ்டில் எகிப்தின் தலைநகர் அலெக்சாண்டிரியா, ஆண்டனியின் எதிரியான ரோமானியத் தலைவன் ஆக்டேவியனிடம் விழுகிறது. படை கைவிட்டதும், 'காட்டிக்கொடுத்துவிட்டாள்' என்று ஆண்டனி கத்திக்கொண்டு வருகிறான். அவள் பயந்துபோய்க் கல்லறை மண்டபத்துக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டு, தான் செத்துவிட்டதாக ஆள் அனுப்புகிறாள். ஆண்டனி தன்னைக் கொல்லும்படி ஈரோஸ் என்ற அடிமையிடம் சொல்ல, அவன் தன்னையே குத்திக்கொள்கிறான். அப்புறம் ஆண்டனியும் குத்திக்கொள்கிறான். உயிர்தான் உடனே போகவில்லை. மண்டபத்துக்குத் தூக்கிப் போனால், அவள் அப்போதும் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலிலிருந்து கயிறு விட்டு, இரண்டு தோழிகளோடு தானும் பிடித்து, ரத்தம் வழிகிறவனை மேலே இழுக்கிறாள்.

படமோ பொய்யைத் தூக்கி வேலைக்காரன் தலையில் கட்டிவிட்டது. காதல் சுத்தமாகிவிட்டது, கதை சப்பென்று ஆகிவிட்டது.

கே: பாம்பு கடித்துதான் இறந்தாளா?

ப: உண்மை யாருக்கும் தெரியாது என்று புளூட்டார்க்கே எழுதிவிட்டார். அறையில் பாம்பு எதுவும் அகப்படவில்லை. படத்தில்தான் தரையில் ஊர்கிறது. ஆக்டேவியன் ரோமில் நடத்திய வெற்றி ஊர்வலத்தில் பாம்போடு அவள் உருவத்தைக் கொண்டுபோனார்கள். ஜெயித்தவன் ஊருக்குக் காட்டிய கதையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

கே: ஆக்டேவியன் விரலில் மகனின் மோதிரத்தைப் பார்க்கிறாளே?

ப: அருமையான காட்சி, ஆனால் கற்பனை. சீசேரியன் கொல்லப்பட்டது தாய் இறந்த பிறகு.

கே: பாம்பு கடித்தது மார்பிலா?

ப: கையில் என்றுதான் பழைய ஏடுகள். மார்பு என்பது ஓவியர்கள் கைவேலை.

கே: அது நாகப்பாம்பா?

ப: பாம்புக் கேள்விகள் போதும். மேலே படியுங்கள்.

கே (முதலில் கேட்டவர்): புளூட்டார்க் நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து எழுதியவர். அவளே பொய் சொன்னாள் என்பது ரோமானியர் கட்டிய பழியாக ஏன் இருக்கக் கூடாது?

ப: நியாயமான சந்தேகம். ஆனால் பழி கட்டுகிறவர் ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ: ஆண்டனி சாகட்டும் என்றே அவள் அப்படிச் சொல்லி அனுப்பினாள் என்கிறார். புளூட்டார்க் சொல்வது வெறும் பயம். அவளுடைய வைத்தியர் ஒலிம்பஸ் எழுதியதும் புளூட்டார்க் கையில் இருந்தது.

கே (அவரே): பொய் சொன்னவளுக்காக யார் அழுவார்கள்?

ப: நான் அழுவேன். பயத்தில் ஒரு பொய், அது அவன் உயிரைக் குடிக்கிறது, அவனையே கயிற்றில் இழுத்து மடியில் போட்டுக்கொள்கிறாள். இதைவிட என்ன வேண்டும்? அப்போலோடோரஸோ, புளூட்டார்க்கிடம், பல வருஷத்துக்கு முன் அவளைப் படுக்கை உறைக்குள் வைத்துச் சீசரிடம் சுமந்துபோனவன், அவ்வளவே. படத்தில் வருகிற கம்பளம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கே: கடைசி வசனம் யார் எழுதியது?

ப: அது புளூட்டார்க்கிலேயே இருக்கிறது. 'உன் ராணி செய்தது சரியா?' என்று கேட்கிற ரோமானியனுக்கு, 'மிகச் சரி' என்று தோழி சார்மியன் சொல்லும் பதில். அதைப் பெரிதாக மாற்றாமல் விட்டதற்காகப் படத்துக்கு ஒரு கும்பிடு.

கே: பாம்பு விஷம் எவ்வளவு நேரத்தில் ஏறும்?

ப: அடுத்த ஆள் வரட்டும்.