எந்தத் துறையில் மொழிபெயர்ப்பது? சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: இயந்திரப் பொறியியல் படித்து அதிலேயே வேலை பார்த்தவன். மொழிபெயர்ப்புப் பட்டம் கிடையாது. சுயதொழிலாக இதில் இறங்கலாமா?

பதில்: தாராளமாக. மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 என்ற பன்னாட்டுத் தரநிலை (2015) மொழிபெயர்ப்பாளருக்கு மூன்று வழி வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பில் பட்டம் இருக்கலாம். வேறு பட்டமென்றால் 2 ஆண்டு முழுநேர மொழிபெயர்ப்பு அனுபவம் வேண்டும். பட்டமே இல்லையென்றால் 5 ஆண்டு. உங்களுக்கு இரண்டாவது வழி. முதல் நாளிலிருந்தே எந்த வேலை, எத்தனை சொல் என்று குறித்து வையுங்கள்; அனுபவத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். பராமரிப்புக் கையேடுகளில் ஆரம்பியுங்கள். வால்வைத் திருப்பும் திசை மூலத்திலேயே தப்பாக இருந்தால் உங்கள் கண்ணில் படும். மொழி மட்டும் தெரிந்தவர் அந்தத் தப்பையும் அழகாக மொழிபெயர்த்து அனுப்பிவிடுவார்.

கேள்வி: மருத்துவம், சட்டம், நிதி, தொழில்நுட்பம் என்று எல்லாத் துறையையும் சுயவிவரத்தில் போட்டிருக்கிறேன். வேலையே வரவில்லை.

பதில்: போட்டதுதான் காரணமாக இருக்கும். இத்தனையும் தெரியும் என்றால் யார் நம்புவார்கள்? மருத்துவம் என்பதே ஒரே துறை இல்லை. மருந்துப் பரிசோதனையில் சேருபவர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப மூல மொழிக்குக் கொண்டுபோவதுண்டு. பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, விலகிய இடமெல்லாம் கேள்வி வரும். படிக்கும் நோயாளிக்கும் புரிய வேண்டும். மருத்துவக் கருவிக் கையேடு வேறு உலகம். அங்கே எச்சரிக்கை வாசகம் பழைய பதிப்பில் இருந்தபடியே இருக்க வேண்டும், உங்களுக்கு அந்த நடை பிடிக்காவிட்டாலும். இப்படி ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், மற்றதை அழித்துவிடுங்கள்.

கேள்வி: காப்புரிமை ஆவணங்கள் கடினமா?

பதில்: கடினம் என்பதைவிட, பொறுமை கேட்கும். கண்டுபிடிப்பில் எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் பகுதிதான் உரிமைகோரல். அது எவ்வளவு நீண்டாலும் ஒரே வாக்கியமாக எழுதுவதுதான் பரவலான மரபு. ஒரு பாகத்துக்கு முதலில் வைத்த பெயரைக் கடைசி வரை மாற்றக் கூடாது. மாற்றினால் அது வேறு பாகம் என்று எதிர்த்தரப்பு வாதாடும். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் வைப்போ பேர்ல் என்ற கலைச்சொல் தளம் இலவசம்.

கேள்வி: இயந்திரமே மொழிபெயர்க்கிறதே, துறை அறிவு எதற்கு?

பதில்: அது தப்பையும் சரளமாக எழுதுவதால்தான். இயந்திரம் தந்ததைத் திருத்துவதற்கென்றே ஐஎஸ்ஓ 18587 (2017) இருக்கிறது. துறை தெரியாதவர் திருத்த உட்கார்ந்தால் நிறுத்தற்குறிகளைத்தான் மாற்றுவார்.

கேள்வி: தெரியாத துறையில் நல்ல தொகைக்கு வேலை வந்தால்?

பதில்: மறுத்துவிடுங்கள். அப்புறம் அந்தத் துறைக்காரர் ஒருவரைக் கைகாட்டுங்கள். அவரும் உங்கள் துறை வேலையை உங்களிடம் அனுப்பக்கூடும்.