கடற்கரையில் நிற்கும் கப்பல்

கேள்வி: விசாகப்பட்டினம் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் போய்ப் பார்க்கலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட்டிப்போகலாமா?
– வாசகி, நகரி

பதில்: நீங்கள் தாராளமாகப் போகலாம், திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை. அம்மாவுக்குத்தான் யோசிக்கணும். நீங்கள் கேட்கும் கப்பலான ஐ.என்.எஸ். குருசுரா சோவியத் நாட்டில் கட்டியது, 1969இல் நம் கடற்படைக்கு வந்து 2001இல் ஓய்வு பெற்று, மறு வருடமே ராமகிருஷ்ணா கடற்கரையில் அருங்காட்சியகமாகிவிட்டது. நீளம் 91 மீட்டர் என்றாலும் உள்ளே நடைவழி ரொம்பக் குறுகல், ஏறி இறங்கப் படிகள், அங்கங்கே குனிந்து காலைத் தூக்கி வைக்கணும். முழங்கால் கெஞ்சும். முன்பக்க டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) அறையை அவசரமாகக் கடக்காதீர்கள், ஆயுதத்துக்குப் பக்கத்திலேயே படுக்கை! கப்பலின் டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டுமே, அதனால் ஆழத்தில் பேட்டரியில்தான் ஓடியது. ஓய்வு பெற்ற கடற்படையினரே விளக்குவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள், ஆந்திராவிலேயே இருக்கும் நகரிக்காரருக்குத் தெலுங்கு சொல்லித்தரவா வேண்டும்? அம்மா வெளியே கடற்காற்று வாங்கட்டும்.